பருவும் கறுப்பும்

நிலம், கூலி, வன்கொடுமை என்று எழுத எவ்வளவோ கிடக்கும்போது முகத்தில் வருகிற பருவுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பருவுக்குக் 'குரு' என்றுதான் பேச்சு. "மூஞ்சியில ரெண்டு குரு வந்தா என்ன, வயசுப் பிள்ளையளுக்கு வாறதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நம்மைப் பார்க்கிற கண் முதலில் வந்து விழுகிற இடம் தோல். நம்முடைய பெயரைக் கேட்பதற்கு முன்னால், ஊரைக் கேட்பதற்கு முன்னால், எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்பதற்கு முன்னால், தோலைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தத் தோலில் ஒரு நோய் வந்தால் அது வெறும் நோயாக நின்றுவிடுவதில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். சாம்பவர் குடியிருப்பில் பிறந்து, இடஒதுக்கீட்டில் படித்து, மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் வந்து நிற்கிறவள். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற காலமும் நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தோல் எங்கள் ஊரில் ஒரு காலத்தில் அரசாங்க விவகாரமாகவே இருந்தது. நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முன் திருவிதாங்கூர். யார் மாரை மறைக்கலாம், யார் மறைக்கக் கூடாது என்பதற்கு அங்கே வழக்கமும் சட்டமும் இருந்தன. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-ல் நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. புலையர் பெண்கள் கழுத்தில் கல்லுமாலைதான் போட வேண்டும் என்ற வழக்கத்தை 1915-ல் கொல்லம் பக்கம், அய்யன்காளி முன்னிலையில், அந்தப் பெண்களே அறுத்து எறிந்தார்கள். உடம்பின் எந்தப் பகுதி எப்படித் தெரிய வேண்டும் என்பதை அடுத்தவர்கள் தீர்மானித்த மண் இது. சட்டம் போய்விட்டது. பார்வை அதே வேகத்தில் போகவில்லை.

1995-ல் நான் பிளஸ் டூ படித்தேன். இரண்டு கன்னமும் நெற்றியும் குருவால் நிறைந்திருந்தன. சிலது சீழ் வைத்து உடையும். உடைந்த இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அம்மை அண்டியாப்பீசில் கொட்டை உடைக்கிற வேலை. முந்திரித் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பாள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அந்தக் கைக்கு மருந்து வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அது வேலை செய்கிற கை. என் முகத்துக்கு மட்டும் ஊரே மருந்து சொன்னது, ஏனென்றால் அது கட்டிக்கொடுக்கிற முகம்.

பாட்டி திருநீற்றுப்பச்சிலையைக் கசக்கிச் சாறு விட்டாள். சங்கை உரைத்துப் பூசினாள். பக்கத்து வீட்டு மாமி, "எலுமிச்சங்காயை வெட்டித் தேயி மக்களே, ஒரே வாரத்தில போவும்" என்றாள். கூடப் படித்தவள் பற்பசை வைக்கச் சொன்னாள். இப்போது மருந்து படித்தவளாகச் சொல்கிறேன்: பச்சிலையும் சங்கும் பெரிய கெடுதல் செய்ததாக எனக்குத் தெரியவில்லை, பெரிய நன்மையும் செய்யவில்லை. எலுமிச்சையும் பற்பசையும் கெடுதல். தோலைப் புண்ணாக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் எந்தப் புண்ணும் ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுத்தான் ஆறும். குருவைப் போக்கப் போய், குருவைவிட நாள் கூடுதலாக நிற்கிற தழும்பை வாங்கிக்கொள்வோம்.

குரு எதனால் வருகிறது? வயசுக்கு வருகிறபோது சுரப்பிகள் மாறுகின்றன. தோலுக்கடியில் எண்ணெய் கூடுகிறது. மயிர்க்கால் வாய் அடைபடுகிறது. எல்லார் தோலிலும் எப்போதும் குடியிருக்கிற ஒரு பாக்டீரியா அடைபட்ட எண்ணெயில் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. அவ்வளவுதான். அழுக்கால் வருவதில்லை. ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு ஒட்டுவதில்லை. இந்தக் கடைசி வரியைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

சாப்பாட்டைச் சொன்னவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வகுப்பில் வைத்தே, "கண்ட எறைச்சியும் தின்னா மூஞ்சி இப்பிடித்தான் இருக்கும்" என்றார். என்ன இறைச்சி என்று அவர் சொல்லவில்லை. வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டு சிரித்தது. மாட்டிறைச்சி தின்றால் குரு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. ஆராய்ச்சிகளில் ஓரளவு தொடர்பு காணப்பட்டது சீனி, மைதா போன்று ரத்தத்தில் சட்டென்று சர்க்கரையைக் கூட்டுகிற உணவோடும், பாலோடும்தான். பால் குடித்தால் மூஞ்சி இப்படித்தான் இருக்கும் என்று எந்த டீச்சரும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லியிருக்கமாட்டார்.

அம்மை காசு சேர்த்து ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பார்த்தார். ஊர் கேட்டார், தெரு கேட்டார், அம்மைக்கு என்ன வேலை என்று கேட்டார். முகத்தைத் தொடவில்லை. விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. "சுத்தமா இருக்கணும், சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும்" என்றார். வெளியே வந்து அம்மை கேட்டாள்: "நாம கழுவாமலா வந்தோம் மக்களே?" நாளுக்கு நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவித் தோல் வறண்டு வெடித்திருந்தது எனக்கு. பல வருஷம் கழித்து அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால் ஒவ்வொரு குருவையும் தடவிப் பார்த்தார். அவர் எழுதித் தந்த மருந்தைவிட அந்த விரல்தான் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

அந்தக் காலத்திலேயே என் சித்தி மகளுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாசம் இருக்கும்போது மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். சீட்டு இல்லை, கேள்வி இல்லை. பத்து நாளில் குரு அமுங்கியது. இருபது நாளில் முகம் வெளுத்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொள்ளாம் என்று பட்டது. கல்யாணம் கழிந்து களிம்பை நிறுத்தினாள். முகம் தீப்பிடித்தது போலச் சிவந்தது. முன்னைவிடப் பெரிய குரு வந்தது. வெயிலில் நிற்க முடியவில்லை, அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. மறுபடி பூசினால் அடங்கும், நிறுத்தினால் எரியும். தோல் மெலிந்து உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. கன்னத்தில் மயிர் முளைத்தது. மாமியார் வீட்டில், "நோயை மறைச்சுக் கெட்டி வச்சிட்டினும்" என்றார்கள்.

அந்தக் களிம்பில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. படை, கரப்பான் போன்றவற்றுக்கு, டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் போட வேண்டிய நல்ல மருந்து அது. வீக்கத்தை அமுக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கும், தோலின் நிறமியைக் குறைக்கும். அதனால்தான் முதலில் முகம் தெளிந்ததுபோலத் தெரிகிறது. மாசக்கணக்கில் முகத்தில் போட்டால் என் சித்தி மகளுக்கு வந்ததுதான் வரும். நாடு முழுக்க இப்படி முகம் கெட்டவர்கள் வந்து குவிந்ததால் தோல் டாக்டர்களின் சங்கமே இதற்கு எதிராகப் பிரச்சாரம் செய்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்த பிறகும் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டவர்கள் என் ஜன்னலுக்கு வருகிறார்கள்.

இந்தக் களிம்புகளில் ஒரு வகையில் மூன்று மருந்து கலந்திருக்கும்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. இந்த மாதிரிக் கலவையை 1975-ல் வெளியிட்டவர் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டரும் அவருடைய கூட்டாளியும். அதே 1975-ல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தது தற்செயல். இரண்டுக்கும் இங்கே காத்திருந்த சந்தை தற்செயல் அல்ல. அந்தக் கம்பெனி 2020-ல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகை உலுக்கியபோது, பெயரிலிருந்த 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ' என்று வைத்தது. டியூப் அப்படியே கடையில் இருக்கிறது.

கிளிக்மனைப் பற்றி நம் வாசகர்கள் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. பருவுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க எழுதித் தருகிற டிரெட்டினாயினை அந்த வேலைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அமெரிக்க அரசு அதை 1971-ல் அனுமதித்தது. 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் அவர் சோதனைகள் நடத்தினார். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். விசாரணை முடியாமல், ஜாமீனுக்குக் காசில்லாமல் கிடந்தவர்களும் அதில் உண்டு. சில டாலருக்கு முதுகைக் கொடுத்தார்கள். சிறைக்குள் போனபோது தனக்குத் தெரிந்தது ஏக்கர் கணக்கான தோல் என்று அவர் சொன்னதை வைத்தே ஆலன் ஹார்ன்பிளம் 1998-ல் இந்தக் கொடுமையைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். மனிதர்களை வயலாகப் பார்க்கிற கண்ணை நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் நின்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2022 அக்டோபரில்தான் அந்த நகரம் மன்னிப்புக் கேட்டது. மருந்து நல்ல மருந்துதான். அது யாருடைய முதுகில் ஏறி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி என் அக்கா மகள் விஷயம். வயசு 19. நர்சிங் படிக்கிறாள். குடும்பத்தில் எல்லாரையும்விடக் கடுமையான குரு அவளுக்கு. ஆழத்தில் கட்டியாக வந்து, பள்ளம் விட்டுப் போகிற வகை. ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டாவது மாசம் அறையில் கூட இருக்கிற பிள்ளைகள், "உனக்க வாளியும் கப்பும் தனியா வச்சுக்க. ஒட்டிக்கும்" என்றார்கள். அதே அறையில் வேறொரு பிள்ளைக்கும் முகம் நிறையக் குரு. அவளிடம் யாரும் வாளியைத் தனியாக வைக்கச் சொல்லவில்லை. அவள் என்ன சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை. நர்சிங் படிக்கிறவர்கள், குரு ஒட்டாது என்பதைப் பாடத்தில் படிக்கிறவர்கள், இதைச் சொன்னார்கள். தீண்டாமைக்கு வெள்ளைக் கோட்டு போட்டுவிட்டால் அது சுகாதாரம் ஆகிவிடுகிறது.

அவள் லீவுக்கு வந்தபோது அக்காவும் நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்தாகக் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன், பிறருக்கும் உதவும்.

பென்சாயில் பெராக்சைடு. பாக்டீரியாவைக் கொல்லும், பழகிப்போய் வேலை செய்யாமல் ஆகாது. 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் கூடுதலாக எரிக்குமே தவிர, அதற்கேற்ற பலன் இல்லை. தலையணை உறையும் துவர்த்தும் வெளுத்துப்போகும். "இருக்கது ரெண்டு துவர்த்து, அதையும் வெளுக்க வைக்கவா?" என்றாள் அக்கா. பழைய துணியை வைத்துக்கொள்ளலாம்.

அடாபலீன், டிரெட்டினாயின். அடைப்பை எடுக்கும். ராத்திரி மட்டும், முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. முதல் சில வாரம் தோல் உரியும், குரு கூடியதுபோலத் தோன்றும். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கறுத்த தோலில் எரிச்சலே தழும்பாகிவிடும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்க வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் போடக் கூடாது.

கிளிண்டாமைசின் களிம்பு. தனியாகப் போட்டால் பாக்டீரியா பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே போட வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை வீக்கத்துக்கு நல்லது. ஆனால் நிறையத் தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டைக் குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் வேகும். டாக்டர் சீட்டு எழுதும்போது, வயலில் நிற்கிறாயா, நிழலில் இருக்கிறாயா என்று கேட்க வேண்டிய மருந்து இது. மூன்று நாலு மாசத்துக்கு மேல் இழுக்கக் கூடாது.

அசிலாயிக் அமிலம். மெதுவான மருந்து. குருவோடு கறுப்புத் தழும்பையும் குறைக்கும். கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். முதலில் கொஞ்சம் அரிக்கும். நம் தோலுக்கு ஏற்ற மருந்து.

இவை சிலதை ஏற்கெனவே அவள் முறையாகப் போட்டுப் பார்த்தாயிற்று. கட்டி அடங்கவில்லை. பள்ளம் விழுந்துகொண்டே இருந்தது. அதனால் டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் சொல்லியிருந்தார். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும். கடுமையான குருவுக்கு இதற்கு நிகர் இல்லை. விலையும் உண்டு. உதடு வெடிக்கும், கண் வறளும், மூக்கில் ரத்தம் வரலாம், கை கால் வலிக்கும். ஈரலையும் ரத்தக் கொழுப்பையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மனசு சோர்ந்தால் உடனே சொல்ல வேண்டும். மருந்து தின்கிறவர்களிடையே தற்கொலை கூடியதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை என்றாலும் கவனம் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது, இதைத் தின்கிறபோது கர்ப்பமானால் குழந்தையின் இதயம், மூளை, காது கெட்டுப்போகும். தொடங்குவதற்கு ஒரு மாசம் முன்பிருந்து, முடித்து ஒரு மாசம் வரை கர்ப்பம் கூடாது.

அக்கா எழுந்துவிட்டாள். "வேண்டாம் மக்களே. நாளைக்கு ஒரு இடம் வந்தா என்ன சொல்லுகது? பிள்ளை பெறாத மருந்தைத் தின்னவன்னு பேர் வரும்" என்றாள். நான் விளக்கினேன். கடைசி மாத்திரைக்கு ஒரு மாசம் கழித்தால் கருவுக்கு ஆபத்து இல்லை. பிள்ளை பெறுகிற சக்தியை இது எடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவளுக்கு 48 கிலோ. மொத்தமாகக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. அதாவது 5,760 முதல் 7,200 மில்லிகிராம். நாளுக்கு 20 வீதம் தின்றால் 288 முதல் 360 நாள். ஏறக்குறைய ஒரு வருஷம்.

"அப்ப ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாதுல்லா சித்தி?" என்றாள் பிள்ளை. ஆமாம் என்றேன். "அதுவும் ஒரு பக்க விளைவுன்னா அது எனக்குக் கொள்ளாம்" என்று சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "படிப்பு முடியட்டும்" என்றாள். அப்படித்தான் மருந்து தொடங்கியது.

இப்போது ஏழாவது மாசம். உதட்டில் எப்போதும் வாசலின். முழங்கால் வலிக்கிறது என்கிறாள். இரண்டு தடவை மூக்கில் ரத்தம் வந்தது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. புதிய கட்டி வரவில்லை. பழைய பள்ளங்கள் இருக்கின்றன, அவை இந்த மருந்தால் போகாது. தழும்பு மெல்ல மங்குகிறது. மங்கி அவளுடைய சொந்தக் கறுப்புக்கு வந்து நிற்கும். அதற்கு மேல் வெளுக்காது. வெளுக்க வேண்டியதும் இல்லை. பரு நோய், அதற்கு மருந்து உண்டு. கறுப்பு நோய் அல்ல, அதற்கு மருந்து விற்கிறவன் திருடன். 2023-ல் கேரளத்தில் மலப்புறம் பக்கம், பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். வெளுப்புக்குக் கேட்கிற விலை முகத்தோடு நிற்பதில்லை.

ஹாஸ்டல் விஷயம் முடியவில்லை. வார்டன், "ஒட்டாதுன்னு டாக்டர்ட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா, நான் பேசுறேன்" என்றார். நானே வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் மறுத்துவிட்டாள்.

"மத்தவளுக்கும் குரு இருக்கு சித்தி. அவகிட்ட சர்ட்டிபிகேட் கேட்டினுமா? நான் கொண்டு குடுத்தா, கேட்டது நியாயம்னு ஆயிரும். இன்னைக்குக் குருவுக்குக் கேப்பாவ. குரு போனப்பொறவு எதுக்குக் கேப்பாவ?"

எனக்குப் பதில் இல்லை. மருந்துக்குப் பக்க விளைவு எழுதித் தருகிற எனக்கு, சான்றிதழுக்கும் பக்க விளைவு உண்டு என்பதை அவள்தான் சொல்லித் தந்தாள். முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். அதில் குருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாளியைத் தனியாக வைக்கச் சொன்னார்கள், எனக்கு மட்டும் சொன்னார்கள் என்று மட்டும் இருக்கிறது. வேறு வகுப்புகளில் படிக்கிற நம் பிள்ளைகள் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை. வாளி வரிசையில்தான் இருக்கிறது.

படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில் முகத்துக்குப் போடுகிற டியூபை எல்லாம் எடுத்துப் பொடி எழுத்தை வாசியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால், போடுகிறவரிடம் சொல்லி, தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நெடுநாள் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும், டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். தயாரித்தவர் பெயரும் உள்ளே இருக்கிற மருந்தும் அச்சிடாத டியூபை வாங்கவே வேண்டாம். போகிற டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சீட்டு எழுதினால், "தொட்டுப் பாத்து எழுதுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். அது நமக்கு உள்ள உரிமை. கேட்டுப் பழக வேண்டும்.